கிற்றார்க் கழுத்து முறிந்தால், ஃப்ரெட் தூக்கினால்: மட்டக்களப்பு வீட்டு மேசையில் செய்யக்கூடிய திருத்த வேலை

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் கிற்றார் வைத்திருப்பவர்கள் இரண்டு பருவங்களைக் கவனிக்க வேண்டும். ஐப்பசிக் கடைசியில் தொடங்கித் தை வரை மாரி மழை. பிறகு வைகாசி தொட்டு மேற்கிலிருந்து சூடாக வீசும் கச்சான். மழையில் மரம் ஈரத்தைக் குடித்து உப்பும். கச்சானில் காய்ந்து சுருங்கும். கழுத்தின் குறுக்கே அந்த மரத்துக்குள் அறைந்திருக்கும், கம்பியை அழுத்தும்போது அது பதியும் ஃப்ரெட்டோ உலோகம். ஈரத்தால் அது கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை. மரம் அசைய ஃப்ரெட் அசையாமல் நிற்பதால், சில வருடங்களில் அதன் நுனி விரலைக் கீறத் தொடங்கும், அல்லது ஒரு பக்கம் மெல்லத் தூக்கிக்கொள்ளும்.

மற்றப் பழுது ஒரே நொடியில் நடப்பது. சுவரில் சாய்த்து வைத்த கிற்றார் சரிந்து, தலை நிலத்தில் படும். நட்டுக்கு, அதாவது தலைப்பக்கம் கம்பிகள் தாண்டிப் போகும் அந்த வெள்ளைத் துண்டுக்கு, சற்றுப் பின்னால் கழுத்து முறியும். அந்த இடத்தில்தான் மரம் மிக மெலிசு. தலை பின்பக்கம் சாய்வாக வெட்டப்பட்டிருப்பதால் மரத்தின் நார்களும் அங்கே நீளமாக ஓடாமல் குறுக்காக அறுந்து நிற்கும். பல கிற்றார்களில் உள்ளே போகும் ட்ரஸ் ரொட் என்ற இரும்புக் கோலுக்காக அதே இடத்தில் துளையும் இருக்கும். போதாததற்கு ஆறு இரும்புக் கம்பிகளும் சேர்ந்து ஏறக்குறைய 70 கிலோ இழுவையை அந்தக் கழுத்தில் ஏற்றுகின்றன.

இரண்டையும் பொறுமையுள்ள எவரும் வீட்டில் திருத்தலாம். ஆனால் வேலையில் முக்கால்வாசி பசைப் போத்தலைத் திறப்பதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். இந்தக் கட்டுரையில் நான் திரும்பத் திரும்பச் சொல்லப்போவது இதைத்தான்.

முதலில், எது பழுது?

கம்பிகளைக் கழற்ற முன்னரே பாருங்கள். தலை முறிந்து தொங்கினால் மட்டும் விதிவிலக்கு. அப்படியென்றால் எல்லாக் கம்பிகளையும் உடனே தளர்த்திவிட்டு அடுத்த பகுதிக்குப் போங்கள்.

ஏதோ ஒரு இடத்தில் கம்பி அதிருகிறது, வாசிக்கக் கடினமாக இருக்கிறது என்றால் ஃப்ரெட்டைக் குற்றம் சொல்ல முன் கழுத்தின் வளைவைப் பாருங்கள். கிற்றாரைச் சரியான சுருதியில் வைத்து, தடித்த கம்பியை 1ஆம் ஃப்ரெட்டிலும், கழுத்து உடம்போடு சேரும் இடத்து ஃப்ரெட்டிலும் ஒரே நேரத்தில் அழுத்துங்கள். இப்போது அந்தக் கம்பியே உங்களுக்கு அடிமட்டம். நடுவில், 6 அல்லது 7ஆம் ஃப்ரெட்டின் உச்சிக்கும் கம்பிக்கும் இடையில் 0.2 முதல் 0.3 மில்லிமீற்றர் இருந்தால் கழுத்து நல்ல நிலையில் இருக்கிறது. மோட்டார் சைக்கிள் கராஜில் வால்வு இடைவெளி பார்க்கும் ஃபீலர் கேஜ் இதற்கு அருமையான கருவி. அது கிடைக்காவிட்டால் போட்டோகொப்பிக் கடதாசி ஒன்று ஏறக்குறைய 0.1 மில்லிமீற்றர் என்று கணக்கு வைத்து, இரண்டு மூன்றைச் சேர்த்து நுழைத்துப் பாருங்கள்.

இடைவெளி கூட இருந்தால் கழுத்து முன்னால் வளைந்திருக்கிறது. ட்ரஸ் ரொட்டை அலன் கீயால் வலஞ்சுழியாகக் கால் சுற்று இறுக்க வேண்டும். இறுக்குவதற்கு முன் கம்பிகளைத் தளர்த்துங்கள். இடைவெளியே இல்லை, கம்பி ஃப்ரெட்டுகளில் ஒட்டிக் கிடக்கிறது என்றால் இடஞ்சுழியாகக் கால் சுற்றுத் தளர்த்துங்கள். ஒவ்வொரு கால் சுற்றுக்கும் பிறகு மறுபடி சுருதி கூட்டி, ஒரு நாள் விட்டு, மீண்டும் பாருங்கள். மரம் மெதுவாகத்தான் பதில் சொல்லும். கோல் திரும்ப மறுத்தால் பலம் பிரயோகிக்க வேண்டாம். உள்ளே கோல் முறிந்தால் அதை எடுக்க ஃப்ரெட்போர்ட்டையே, அதாவது ஃப்ரெட்டுகள் அறைந்திருக்கும் பலகையையே, கழற்ற வேண்டிவரும். நைலோன் கம்பி போட்ட கிளாசிக்கல் கிற்றார்கள் பலவற்றில் இந்தக் கோலே கிடையாது. எனவே துளையைத் தேடி மினக்கெட வேண்டாம்.

மழைக்காலத்தில் கழுத்து வளைந்து, கச்சான் தொடங்கியதும் தானாக நிமிரும் கிற்றார்கள் எங்கள் பக்கம் நிறைய உண்டு. மார்கழியில் கண்ட வளைவுக்காக மார்கழியிலேயே அரத்தைக் கையில் எடுத்து ஃப்ரெட்டுகளை ராவிவிட்டால் ஆடியில் கவலைப்பட வேண்டிவரும்.

இன்னொன்று: கழுத்தின் அடிப்பகுதி உடம்போடு சேரும் மூட்டில் கடதாசி நுழையும் அளவுக்கு வாய் திறந்திருந்தால் அதை வீட்டில் தொடாதீர்கள். அந்த மூட்டை நீராவியால் இளக்கிக் கழற்றிக் கோணம் பார்த்துச் சேர்ப்பது பழகிய கையின் வேலை. எலெக்ட்ரிக் கிற்றாரில் நான்கு திருகாணிகளால் பூட்டிய கழுத்து என்றால் பயமில்லை. கழற்றித் தூசி துடைத்துத் திரும்பப் பூட்டலாம்.

முறிந்த கழுத்து

இங்கே கிற்றார் திருத்துவதையே தொழிலாகச் செய்பவர்கள் குறைவு. ஆனால் நல்ல தச்சு ஓடாவிமார் இருக்கிறார்கள். மட்டக்களப்புப் பறங்கியர் குடும்பங்களில் தச்சுவேலையும் பரம்பரைத் தொழில், வயலினும் கிற்றாரும் வீட்டுக் கொண்டாட்டங்களின் பகுதி. அப்படி மரமும் இசையும் தெரிந்த ஒருவர் உங்கள் ஊரில் இருந்தால் ஆலோசனை கேளுங்கள். ஆனால் ஒரு விஷயத்தை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: முறிந்த முகங்களைச் சீவக் கூடாது, சாண்ட் பேப்பர் போடக் கூடாது, ஆணியோ திருகாணியோ அறையக் கூடாது. கதவு நிலைக்கும் கதிரைக்கும் அவை நல்ல பழக்கங்கள். கிற்றாரில் அந்த முறிவின் கரடுமுரடுதான் எங்கள் சொத்து. ஒவ்வொரு நாரும் தான் பிய்ந்த எதிர் நாரோடு திரும்பப் போய்ச் சேர்ந்தால், வெளியே கோடு தெரியாத அளவுக்கு அது மூடும். சீவிய இரண்டு தட்டை முகங்களுக்கு அந்தப் பிடி ஒருநாளும் வராது.

முறிந்த நாளிலேயே செய்வது நல்லது. நாள் போகப்போக நார்களில் கை எண்ணெயும் தூசியும் ஏறும். சிதறிய சிம்புகளைப் பொறுக்கி ஒரு கடித உறையில் போட்டு வையுங்கள். முறிந்த முகத்தை விரலால் தடவிப் பார்க்காதீர்கள். சுப்பர் குளூ ஒரு துளி விட்டால் நின்றுவிடும் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். அது மரத்தின் துவாரங்களை அடைத்துவிட்டால் பிறகு வேறெந்தப் பசையும் அங்கே பிடிக்காது.

வெடிப்பு மட்டும் தெரிகிறது, முறியவில்லை என்றால், அது மேற்பூச்சில் மட்டும் விழுந்த கோடா, மரத்திலா என்று பாருங்கள். கம்பிகளைக் கழற்றிவிட்டு டோர்ச் வெளிச்சத்தில் தலையை மிக இலேசாகப் பின்னால் அசையுங்கள். கோடு வாய் திறந்து மூடினால் மரம் வெடித்திருக்கிறது.

இனித் தேவையானவை: ஹார்ட்வெயார் கடையில் வாங்கும் பைண்டர் கம் என்ற வெள்ளை மரப்பசை, ஜி கிளாம்ப் இரண்டு அல்லது மூன்று, பழைய சைக்கிள் டியூப், மரத் துண்டுகள், பழைய செருப்பு ரப்பர், பொலித்தீன், ஈரத் துணி, பல்குச்சி. பெரிய இசைக்கருவிக் கடைகளில் கிடைக்கும் மஞ்சள் நிற மரப்பசை கிடைத்தால் இன்னும் நல்லது. அது காய்ந்தபின் கடினமாகும், இழுவையில் நழுவாது. வெள்ளைப் பைண்டர் கம் பலமானதுதான், ஆனால் சூட்டில் இளகும். அதனால் திருத்திய கிற்றாரை வெயிலில் நிறுத்திய வானுக்குள் விட்டுவிட்டுப் போகக் கூடாது.

முதல் வேலை, பசையில்லாமல் ஒத்திகை. இரு துண்டுகளையும் சேர்த்து மூடிப் பாருங்கள். கோடு முழுவதும் மூட வேண்டும். ஓரிடத்தில் மூட மறுத்தால் அங்கே ஏதோ ஒரு நார் மடங்கிக் கிடக்கிறது. ஊசியால் அதை நிமிர்த்துங்கள், வெட்ட வேண்டாம். பிறகு கிளாம்ப்பை எங்கே வைப்பது என்று முடிவு செய்யுங்கள். கழுத்தின் பின்பக்கம் உருண்டை, தலையின் முன்பக்கம் தட்டை. நேரடியாகக் கிளாம்ப் வைத்தால் நழுவும், மரத்தில் குழி விழும். உருண்டைக்குப் பொருந்தும்படி ஒரு மரத்துண்டைக் குடைந்து, உட்பக்கம் செருப்பு ரப்பர் ஒட்டுங்கள். இடைஞ்சலாக நிற்கும் டியூனிங் கீகளைக் கழற்றுங்கள். கிளாம்ப்பின் அமுக்கம் முறிவுக்கோட்டுக்குக் குறுக்கே விழ வேண்டும். முறிவு பெரும்பாலும் சாய்வாக ஓடும். எனவே நேராக அமுக்கினால் ஒரு துண்டு மற்றதன் மேல் வழுக்கி ஏறும். அதைத் தடுக்க முதலில் இரண்டு சென்ரிமீற்றர் அகலத்தில் வெட்டிய சைக்கிள் டியூப்பால் இழுத்து ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் பிறகு கிளாம்ப் பூட்டுவது நல்ல முறை. கிளாம்ப் கிடைக்காத இடத்தில் டியூப்பை மட்டும் வைத்தே முழு அமுக்கத்தையும் கொடுக்கலாம். சுற்றுக்குச் சுற்று பலம் ஏறும்.

இந்த ஒத்திகையைக் கை தடுமாறாத அளவுக்குத் திரும்பச் செய்யுங்கள். பசை பூசிய பிறகு உங்களுக்குக் கிடைப்பது ஐந்து முதல் பத்து நிமிடம்தான். எங்கள் வெக்கையில் அதுவும் குறையும். மின்விசிறியைக் கட்டாயம் நிறுத்துங்கள். காற்றுப் பட்டால் பசையில் ஆடை படியும்.

ட்ரஸ் ரொட்டின் முனை முறிவுக்குள் தெரிந்தால் அதில் சிறிது வஸ்லின் பூசுங்கள். இல்லாவிட்டால் பசை அதைப் பிடித்துவிடும். வஸ்லின் மரத்தில் படாமல் கவனம். இரண்டு முகங்களிலும் பல்குச்சியால் பசையை நார்களுக்குள் தள்ளிப் பூசுங்கள். வெடிப்பு மட்டும் என்றால் பாமசியில் ஊசி வாங்கிப் பசையை உள்ளே செலுத்தி, தலையை மெதுவாக அசைத்துக் கோடு பசையை இழுத்துக்கொள்ள விடுங்கள். மூடி, பொலித்தீன் சுற்றி, கட்டையை வைத்துக் கிளாம்ப்பை இறுக்குங்கள். கோடு நெடுக ஒரே சீராகச் சிறு மணிகளாகப் பசை பிதுங்கி வந்தால் உள்ளே எல்லா இடமும் நனைந்திருக்கிறது என்று அர்த்தம். அத்தோடு நிறுத்துங்கள். அதற்கு மேல் இறுக்கினால் தேவையான பசையும் வெளியே போய்விடும். பிதுங்கியதை ஈரத் துணியால் உடனே துடையுங்கள்.

வெயில் காலத்தில் 24 மணித்தியாலம், மாரியில் 48 மணித்தியாலம் கிளாம்ப்பில் கிடக்கட்டும். இந்தப் பசை தன்னிலுள்ள தண்ணீரை மரத்துக்கும் காற்றுக்கும் கொடுத்துத்தான் காய்கிறது. காற்றே ஈரமாக இருக்கும்போது அது தாமதமாகும். கிளாம்ப்பைக் கழற்றிய பிறகும் மூன்று நான்கு நாள் கம்பி போடாமல் வையுங்கள்.

முன்பே ஒருவர் ஒட்டி, மறுபடி பிரிந்த கழுத்து என்றால் கதை வேறு. பழைய பசையின் மேல் பைண்டர் கம் பிடிக்காது. அதைச் சுரண்டி எடுத்தபின் துண்டுகள் சரியாகப் பொருந்தவும் மாட்டா. அங்கே இரண்டு டியூப்பாக வரும், கலந்து பூசும் எப்பொக்சிப் பசைதான் வழி. அதிலும் ஐந்து நிமிடத்தில் இறுகும் வகையை விட்டுவிட்டு, ஒரு நாள் எடுத்து இறுகும் வகையை வாங்குங்கள்.

ஒரு ஃப்ரெட்டை மாற்றுவது

வீணையில் மெட்டுகள் மெழுகில் நிற்கும். மெழுகை இளக்கினால் நகரும். கிற்றாரில் ஃப்ரெட்டின் இடம் மரத்தில் வெட்டிய கீறலால் முடிவாகிவிட்டது. நட்டிலிருந்து பாலம் (உடம்பில் கம்பிகள் தாங்கி நிற்கும் கட்டை) வரையுள்ள நீளத்தை 17.817 ஆல் வகுத்தால் 1ஆம் ஃப்ரெட்டின் தூரம் வரும்: 650 மில்லிமீற்றர்க் கிற்றாரில் அது ஏறக்குறைய 36.5 மில்லிமீற்றர். மிஞ்சிய நீளத்தை மறுபடி அதே எண்ணால் வகுத்தால் அடுத்தது. எனவே கீறலை அகட்டாமலும் சாய்க்காமலும் காப்பாற்றுவதே இந்த வேலையின் உயிர்.

உண்மையிலேயே மாற்றத்தான் வேண்டுமா என்று முதலில் பாருங்கள். எங்கள் ஊர்க் காற்றில் அதிகம் வருவது தூக்கிய ஃப்ரெட்தான். நுனியை விரலால் அமுக்கும்போது கீழே போய், விட்டதும் எழும்பினால் அதற்குப் புது ஃப்ரெட் தேவையில்லை. இரு பக்கமும் மாஸ்கிங் டேப் ஒட்டி, பல்குச்சி நுனியில் தண்ணீர் மாதிரி ஓடும் சுப்பர் குளூ ஒரு சொட்டை நுனியின் அடியில் விட்டு, மரக்கட்டையால் அமுக்கி ஒரு நிமிடம் பிடித்தால் போதும். முறிந்த கழுத்தில் நான் தடுத்த பசை இங்கே பொருத்தமானது.

முதல் மூன்று ஃப்ரெட்டுகளில் கம்பிக்கு அடியில் குழி விழுந்திருக்கலாம். கோர்ட் பிடிக்கும் கை அதிகம் நிற்கும் இடம் அதுதான். குழி ஆழமில்லையென்றால் அரத்தால் மட்டம் செய்து தப்பலாம். உயரத்தில் பாதிவரை போயிருந்தால் மாற்றுங்கள்.

புது ஃப்ரெட் வயரை இசைக்கருவிக் கடை மூலம் கொழும்பிலிருந்து எடுப்பிக்கலாம். அவசரத்துக்கு, உடைந்து மூலையில் கிடக்கும் கிற்றாரின் வாசிக்காத மேல் ஃப்ரெட் ஒன்றைக் கழற்றியும் போடலாம், அளவு பொருந்தினால். உச்சியின் அகலம், உயரம், கீறலுக்குள் போகும் காலின் தடிப்பு மூன்றையும் வேர்ணியரால் அளந்துகொள்ளுங்கள். பக்கத்து ஃப்ரெட்டுகளை விட மிகச் சிறிது உயரமாக இருந்தால் நல்லது, பிறகு ராவி இறக்கலாம். தாழ்ந்ததை உயர்த்த வழியில்லை.

கழற்றும்போது சூடு அவசியம். சோல்டரிங் அயனின் முனையை ஃப்ரெட்டின் மேல் மெதுவாக ஓட்டுங்கள். உள்ளே இருக்கும் பழைய பசை இளகும். இரு பக்கத்து மரத்தையும் டேப்பால் மூடியிருக்க வேண்டும். வாயின் முகத்தைத் தட்டையாக ராவிய வெட்டுக் குறட்டை ஒரு நுனியில் மரத்தோடு படியவைத்து மெல்ல அமுக்குங்கள். அமுக்கும்போதே ஃப்ரெட் தானாக மேலே வரும். இழுக்காதீர்கள். ஃப்ரெட்டின் காலில் சின்னச் சின்ன முள்ளுகள் இருக்கின்றன. இழுத்தால் அவை மரத்தின் விளிம்பைப் பிய்த்துக்கொண்டு வரும். கொஞ்சம் அமுக்கி, கொஞ்சம் நகர்ந்து, மறுபடி சூடாக்கி, மறு நுனி வரை போங்கள். சிம்பு பெயர்ந்தால் அங்கேயே வைத்து ஒட்டிவிடுங்கள்.

கீறலைப் பிளேட் முனையால் சுத்தம் செய்யுங்கள். அகலம் பொதுவாக 0.6 மில்லிமீற்றருக்குச் சற்றுக் குறைவு, அதைக் கூட்டிவிடக் கூடாது. இரு பக்கமும் மூன்று மில்லிமீற்றர் மிஞ்சும்படி வயரை வெட்டுங்கள். வெட்டும்போது துண்டு தெறிக்கும்; கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். ஃப்ரெட்போர்ட்டின் வளைவை விடச் சற்றுக் கூடுதலாக வயரை வளைத்தால் அறையும்போது நுனிகள் எழும்பாது. கழுத்தின் ஓரத்தில் பட்டி ஒட்டிய கிற்றார் என்றால் இரு நுனியிலும், கீறலுக்குள் போகும் அந்தக் காலை மட்டும் ராவி எடுத்துவிட வேண்டும்.

கழுத்தின் அடியில் அரிசிப் பை ஒன்றை வையுங்கள். கழுத்தின் உருண்டைக்கு ஏற்ற மாதிரி அது அமைந்துகொள்ளும், அடியும் தெறிக்காது. வயரைக் கீறலில் வைத்து, மேலே சிறிய கடின மரக்கட்டை வைத்து, முதலில் இரு நுனிகள், பிறகு நடு என்ற வரிசையில் சிறு அடிகளாக அறையுங்கள். இரும்புச் சுத்தியல் நேரடியாகப் பட்டால் ஃப்ரெட் நசுங்கும். ஃப்ரெட் என்பது செம்பும் நிக்கலும் நாகமும் கலந்த உலோகம், இரும்பை விட மெது. இறங்கும்போது அடியின் சத்தம் மாறும். பொள்ளலாகக் கேட்டது கட்டியாகக் கேட்கத் தொடங்கும். அத்தோடு நிறுத்துங்கள். அடியில் வெளிச்சம் தெரியக் கூடாது. கீறல் தளர்வாக இருந்து ஃப்ரெட் நிற்க மறுத்தால், காலைக் குறட்டால் அங்கங்கே நெரித்துச் சற்று அகலப்படுத்தி மறுபடி முயலுங்கள்.

மிஞ்சிய நுனிகளை வெட்டி, அரத்தைச் சாய்த்து ராவுங்கள். இங்கே நேரம் எடுங்கள். வாசிப்பவரின் கை ஒவ்வொரு முறையும் தொடுவது இந்த நுனியைத்தான்.

பிறகு மட்டம். நேரான விளிம்புள்ள வங்கி அட்டையை மூன்று ஃப்ரெட்டுகளின் மேல் நிறுத்தி அசையுங்கள். தராசு போல ஆடினால் நடுவில் உள்ளது உயரம். புது ஃப்ரெட்டின் உச்சியில் மார்க்கரால் கோடு போட்டு, மெல்லிய அரத்தால் ஆட்டம் நிற்கும் வரை மட்டும் ராவுங்கள். உச்சி தட்டையாகிவிட்டிருக்கும். முக்கோண அரத்தின் கூர் விளிம்பை மழுக்கிவிட்டு, இரு தோள்களையும் ராவி உருட்டுங்கள். நடுவில் மார்க்கர்க் கோடு நூல் தடிப்பில் மிஞ்சட்டும். அது போனால் உயரம் போயிற்று. கடைசியாக, வாகனப் பெயின்ட் கடையில் வாங்கும் வோட்டர் பேப்பரால் 400, 600, 1000, 2000 என்ற வரிசையில் மினுக்குங்கள். எலெக்ட்ரிக் கிற்றார் என்றால் பிக்கப்பை டேப்பால் மூடிவையுங்கள். கருவிகளிலிருந்து விழும் இரும்புத் தூளை அதன் காந்தம் இழுத்து வைத்துக்கொள்ளும்.

ஃப்ரெட்போர்ட்டுக்குத் தேங்காய் எண்ணெய் பூசும் வழக்கம் இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம். அது நாட்பட்டுக் காறி, பிசுக்காகி, தூசியைப் பிடிக்கும். உலர்ந்த துணியால் துடைத்தாலே போதும்.

கம்பி ஏற்றும்போது

மெல்லிய செட் போடுங்கள். இரும்புக் கம்பி என்றால் 10 அல்லது 11 (மிக மெல்லிய கம்பியின் தடிப்பு, அங்குலத்தின் ஆயிரத்தில் எத்தனை பங்கு என்ற கணக்கு). ஆறையும் ஒரேயடியாகச் சுருதிக்குக் கொண்டுவர வேண்டாம். முதல் நாள் முழு ஸ்வரம் ஒன்று தாழ்த்தி விட்டு, மறுநாள் காலையில் ஒட்டிய கோட்டை நகத்தால் தடவிப் பாருங்கள். படி போல எதுவும் தட்டுப்படாவிட்டால் அரை ஸ்வரம் ஏற்றுங்கள், அதற்கடுத்த நாள் மீதி. முழுச் சுருதியில் ஒரு கிழமை நின்ற பிறகு கழுத்தின் வளைவை மேலே சொன்ன மாதிரி மறுபடி அளந்து, தேவையானால் ட்ரஸ் ரொட்டைக் கால் சுற்றுத் திருப்புங்கள். நகத்தில் படி தட்டினால் கம்பிகளை அன்றே தளர்த்துங்கள். மூட்டு நழுவுகிறது, அதைப் பிரித்து எப்பொக்சியால் ஒட்ட வேண்டியிருக்கும்.